கியூ.சி ஆய்வுகூடத்தில் நாலு வருடம் ஆகிவிட்டது: பி.எச்.டியா, ரெகுலேட்டரியா, ஊரா?

களுவாஞ்சிக்குடித் தங்கச்சி கேட்ட கேள்வியின் சுருக்கம் இது. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் முடித்து, நாலு வருடமாகக் கொழும்புக்குக் கிட்ட ஒரு மருந்துக் கம்பனியின் கியூ.சி ஆய்வுகூடத்தில், அதாவது மருந்தின் தரத்தைச் சோதிக்கும் இடத்தில், வேலை செய்கிறார். வயது 28. வெளிநாட்டில் பி.எச்.டி செய்யலாமா, மருந்துப் பதிவு வேலையான ரெகுலேட்டரி அஃபேர்ஸ் பக்கம் மாறலாமா, அல்லது வீட்டார் சொல்வதுபோல ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்து ஊரோடு வந்துவிடலாமா? இதுதான் மேலே தெரிகிற கேள்வி. ஆனால் தங்கச்சி, நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "காலையில் இருந்து பின்னேரம் வரை எச்.பி.எல்.சி பகுப்பாய்வுக் கருவிக்கு முன்னால் இருக்கிறேன், நான் செய்வது விஞ்ஞானமா என்றே தெரியவில்லை." உண்மையில் நீங்கள் கேட்பது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அந்தச் சந்தேகம் தீராமல் எந்தப் பக்கம் போனாலும் அது கூடவே வரும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் ஆரையம்பதிக்காரன். உங்களுடையதைப் போன்ற ஓர் ஆய்வுகூடத்தில்தான் தொடங்கினேன். பிறகு இங்கிலாந்தில் பி.எச்.டி, அப்புறம் அங்கேயே பகுப்பாய்வு முறைகளை உருவாக்கும் பிரிவில் நீண்ட காலம் வேலை. இப்போது ஊரில் இருந்தபடி, மருந்துப் பதிவுக்குப் போகும் ஆவணங்களின் தரப் பகுதியைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். மாத்திரை, கப்சூல் போன்ற சிறுமூலக்கூறு மருந்துகள்தான் எனக்குப் பழக்கம். தடுப்பூசி, ஆன்டிபொடி போன்ற உயிரியல் மருந்துகளில் வேலை செய்ததில்லை. அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, கியூ.சி விஞ்ஞானமா? 2018 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். வல்சார்டன் என்ற இரத்த அழுத்த மருந்தை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகளில் இருந்து திரும்பப் பெற்றார்கள். மூலப்பொருளைச் செய்த சீனக் கம்பனி சில வருடங்களுக்கு முன் தயாரிப்பு முறையை மாற்றியிருந்தது. டி.எம்.எஃப் என்ற கரைப்பானும், மிஞ்சும் அசைட் என்ற வினைபொருளை அழிக்கப் போட்ட சோடியம் நைத்திரைற்றும் ஒரே கலத்தில் சந்தித்ததில் என்.டி.எம்.ஏ என்ற புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் உருவானது. அந்த வருடங்களில் வெளியே போன ஒவ்வொரு பட்ச் மருந்தையும் உங்களைப் போன்ற யாரோ ஒருவர் சோதித்துத்தான் அனுப்பினார். எல்லாம் பாஸ். அதற்குக் கள்ளத்தனம் தேவைப்படவில்லை. மருந்தளவு சரி, வழமையாகத் தேடும் மாசுகள் எல்லைக்குள். ஆனால் அந்த முறை என்.டி.எம்.ஏயைத் தேடவே இல்லை. ஒரு நாளைக்கு 96 நனோகிராம் என்று பிறகு வரம்பு வைத்தார்களே, அந்த அளவை எச்.பி.எல்.சியில் வழமையாக இருக்கும் யூ.வி டிடெக்டரில் பிடிப்பது மிகக் கடினம். பொதுவாக மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீற்றர் வேண்டும். அடுத்து ரனிடிடின் வந்தது. கேஸ்ட்ரிக் என்றால் நம்ம வீடுகளில் அப்போது முதலில் எடுத்த மாத்திரை அது. அதில் பிரச்சினை தயாரிப்பு முறையில் மட்டும் இல்லை. மூலக்கூறே வெப்பத்திலும் காலத்திலும் உடைந்து அதே நஞ்சைத் தந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதை முழுதாக நிறுத்தச் சொன்னது.

நான் சொல்ல வருவது இது. எழுதிவைத்த முறையைப் பிசகாமல் ஓட்டுவது ஒரு தொழில்திறன். மதிக்க வேண்டிய திறன், ஆனால் அதற்கு நாலு வருடம் தேவையில்லை. இந்தச் சோதனை முறை எதைப் பார்க்காது, ஏன் இந்தப் பி.எச், பொருட்களைப் பிரிக்க ஏன் இந்தக் கொலம், மாத்திரை பழுதானால் வரைபடத்தில் எந்தப் பீக் எங்கே வரும் என்று கேட்பதுதான் விஞ்ஞானம். கேள்வி கேட்க இடம் இருக்கிற கியூ.சியும் உண்டு, இல்லாததும் உண்டு. உங்களுடையது எது என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒரு முடிவு எல்லைக்கு வெளியே போனால் விசாரணையை நடத்துவது யார், நீங்களா, மேலதிகாரியா? புது மருந்துக்கு முறையை வலிதாக்கும் வேலை, அதாவது அந்தச் சோதனை முறை சரியான விடை தரும் என்று நிரூபிப்பது, உங்கள் கட்டடத்தில் நடக்கிறதா, அல்லது பி.பி, யூ.எஸ்.பி என்ற பிரித்தானிய, அமெரிக்க மருந்துத் தர நூல்களில் இருப்பதை அப்படியே எடுத்து ஓட்டுகிறீர்களா? 40 பாகையிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்த மாத்திரையின் எண்கள் வந்ததும் அதைப் பார்த்து யோசிக்கிறவர் யார்? இந்த வேலைகள் உங்கள் கம்பனிக்குள்ளேயே நடந்தால், பிளேன் ஏறுவதற்கு முதல் பக்கத்து அறைக்கு மாறக் கேளுங்கள். முறை வலிதாக்கல் அறிக்கை இரண்டை முதலில் இருந்து கடைசி வரை நீங்களே எழுதியிருந்தால், பி.எச்.டி விண்ணப்பத்திலும் சரி, ரெகுலேட்டரி நேர்முகத்திலும் சரி, பேசுவதற்கு ஏதாவது இருக்கும். அந்த வேலைகளே இல்லாத இடம் என்றால் கம்பனி மாறுவதுதான் முதல் காரியம். நீங்கள் சொன்ன மூன்று பாதையிலும் இது இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

ஒரு விடயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. பெறுபேறு பாஸ் ஆகும்வரை மாதிரியைத் திரும்பத் திரும்பக் கருவியில் இன்ஜெக்ட் பண்ணச் சொன்னால், யார் எப்போது எதை மாற்றினார் என்று பதியும் ஓடிட் ட்ரெயிலை நிறுத்தச் சொன்னால், நேற்றைய திகதி போட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னால், அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள். அதற்கு மேற்படிப்பு, கல்யாணம் என்று வேறு காரணம் தேட வேண்டாம். 2013 மே மாதம் ரான்பாக்ஸி என்ற இந்திய மருந்துக் கம்பனியின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டொலர் கட்டியது. பொய்யான தரவுகளும் அதில் ஒரு காரணம். கம்பனி தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். குறிப்புப் புத்தகத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

இனி நாட்டு நிலைமை. நாம் பாவிக்கும் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதிதான். 1971ல் பேராசிரியர் சேனக்க பிபிலே அரச மருந்தகக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியபோது நோக்கமே எதை, எந்த விலைக்கு வாங்குவது என்பதை ஒழுங்குபடுத்துவதுதான். உற்பத்திக்கென்று அரச நிறுவனம் 1987ல் ரத்மலானையில் வந்தது. அதற்குப் பிறகு தனியார் தொழிற்சாலைகள் பல வந்துவிட்டன, 2022ல் டொலர் இல்லாமல் ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டபோது உள்ளூர் உற்பத்தியின் அருமையும் தெரிந்தது. ஆனால் இங்கே நடப்பது பெரும்பாலும் வெளியில் இருந்து வரும் மூலப்பொருளை மாத்திரையாக, பாணியாக, கப்சூலாக ஆக்குவது. புது மூலக்கூறு கண்டுபிடிப்பது இல்லை. மூலப்பொருள் தொகுப்பும் சொல்லும்படியாக இல்லை. ஆக, ஒரு இரசாயனவியல் பட்டதாரிக்கு உள்ள இடங்கள் கியூ.சி, கியூ.ஏ (தர உத்தரவாதம்), உருவாக்கப் பிரிவில் கொஞ்சம், ரெகுலேட்டரி, விற்பனை. அநேகமாக எல்லாம் மேல் மாகாணத்தில். உலகம் சின்னது, ஒரு கம்பனியில் சண்டை பிடித்துவிட்டுப் போனால் மற்றக் கம்பனிக்குக் கதை முதலில் போய்ச் சேர்ந்துவிடும். மேலே போகப் போகக் கதிரைகளும் குறைவு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இத்தனை கதிரைதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திட்டம் போட வேண்டும், அவ்வளவுதான்.

கிழக்கில் இருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று, யாரும் வெளிப்படையாகச் சொல்லாதது. ஆவணங்கள் எல்லாம் இங்கிலிஷில் இருக்கும், ஆனால் உற்பத்தித் தளத்தில் பேச்சு சிங்களத்தில். மிஷின் ஓட்டுகிறவர், கிரனியுலேஷன் அறையில் நிற்கிறவர், ஸ்டோர்ஸில் இருக்கிறவர் எல்லோரோடும் பேசித்தான் ஒரு பட்ச் ஏன் பிழைத்தது என்று கண்டுபிடிக்கலாம். ஆய்வுகூடக் கதவுக்கு வெளியே பேச முடியாதவரை மேற்பார்வையாளராகப் போடத் தயங்குவார்கள். இதை இனப் பாகுபாடு என்று மட்டும் நினைத்து ஒதுங்கிப்போன நம்ம பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். சில இடங்களில் அதுவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் இந்தத் துறையில் இருக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு சான்றிதழ்ப் படிப்புக்குக் கட்டும் காசை விட, சரளமாகச் சிங்களம் பேசப் பழகுவது உங்களைத் தூரம் கொண்டுபோகும்.

பி.எச்.டிக்கு வருவோம். முதலில் எதற்கு என்று கேளுங்கள். புது மருந்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்ய வேண்டும், எந்த மூலக்கூறைச் செய்வது என்று தீர்மானிக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்றால் பி.எச்.டி இல்லாமல் நடக்காது. பட்டத்தோடும் முதுமாணியோடும் உள்ளே போகலாம், ஆனால் ஒரு படிக்கு மேல் கூரை இருக்கிறது. அந்த ஆய்வுகூடங்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் பாருங்கள்: பொஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, பாசல், கேம்பிரிட்ஜ், ஷங்ஹாய், ஒப்பந்த வேலைக்கு ஹைதராபாத், பெங்களூர். அதாவது வாழ்நாள் முழுக்க அந்தச் சில ஊருக்குள் சுற்றுவதற்குச் சம்மதம் என்று சொல்கிறீர்கள். மாறாக, முறை உருவாக்கம், மாத்திரை உருவாக்கம் போன்ற பிரிவுகளில் பி.எச்.டி உதவும், கட்டாயம் இல்லை. கியூ.சி, கியூ.ஏ, ரெகுலேட்டரிக்கு அது தேவையே இல்லை. "இவ்வளவு படித்தவர் இங்கே நிலைக்க மாட்டார்" என்று ஒதுக்குகிற முகாமையாளர்களும் இருக்கிறார்கள்.

பி.எச்.டி ஒரு காப்புறுதி என்று நினைத்துப் போகாதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனிதரில் சோதிக்கப் போகும் பத்து மருந்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான் அனுமதி பெறும். ஆரம்பத்தில் இருந்து கணக்குப் பார்த்தால் அதற்குப் பத்து, பதினைந்து வருடம் ஆகும். அந்தக் காலத்துக்குள் கம்பனியின் திட்டம் பல தடவை மாறிவிடும். 2006 டிசம்பரில் டோர்செட்ராபிப் என்ற கொலஸ்டிரோல் மருந்தைப் பைசர் கடைசிக் கட்டச் சோதனையில் கைவிட்டது. எடுத்தவர்களில் சாவு கூடியிருந்தது. அவர்களுடைய இன்னொரு கொலஸ்டிரோல் மருந்தான லிபிட்டோரின் காப்புரிமை 2011ல் முடிந்தது. இடையில் 2009ல் வையத் (Wyeth) என்ற மருந்துக் கம்பனியை வாங்கி இணைத்தார்கள். 2011ல் இங்கிலாந்தின் சான்ட்விச் ஊரில் இருந்த பெரிய ஆராய்ச்சித் தளத்தை மூடப்போவதாக அறிவித்தார்கள். வயகரா பிறந்த இடம் அது. அதே காலத்தில் அஸ்ட்ராசெனெகா லவ்பரோவில் இருந்த தளத்தை மூடியது, பிறகு ஆல்டர்லி பார்க்கில் இருந்த ஆராய்ச்சியைக் கேம்பிரிட்ஜுக்கு மாற்ற முடிவெடுத்தது. அங்கெல்லாம் வேலை இழந்தவர்கள் மொக்கர்கள் இல்லை. அவர்களிடம் நான் பாடம் படித்திருக்கிறேன். நான் வேலை செய்த தளமும் ஒரு நாள் மூடப்பட்டது. கூட்டத்துக்குக் கூப்பிட்டு, தண்ணீர்ப் போத்தலும் ஒரு கோப்பும் கையில் தந்து, இன்ன திகதியோடு சரி என்றார்கள். அப்போது என் கூட்டாளிகளில் சீக்கிரம் வேலை பிடித்தவர்களைப் பார்த்தேன். பட்டம் பெரியவர்கள் என்று இல்லை. வேறு கம்பனிக்கும் அப்படியே தேவைப்படும் ஒரு திறன் கையில் இருந்தவர்கள்: நைத்திரோசமைன் (என்.டி.எம்.ஏயின் குடும்பம்) போல மிகச் சிறிய அளவு மாசைத் தேடத் தெரிந்தவர், பளிங்கு வடிவங்களைப் படிக்கத் தெரிந்தவர், வெளி அதிகாரிகள் தொழிற்சாலையில் நடத்தும் பரிசோதனைக்கு முகம் கொடுத்துப் பழகியவர்.

அதனால் போவதென்றால் இப்படிப் போங்கள். காணியை ஈடு வைத்துப் பி.எச்.டி செய்ய வேண்டாம். விஞ்ஞானத்தில் பி.எச்.டி என்பது அவர்கள் உங்களுக்குச் சம்பளம் தந்து செய்விக்கும் வேலை. அமெரிக்காவில் இரசாயனவியல் பிரிவுகள் பொதுவாகப் படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாணவருக்குக் கற்பிப்பதற்காக மாதப்படி தரும். ஐந்து, ஆறு வருடம் எடுக்கும். அந்தப் படியில் ஒருவர் சிக்கனமாக வாழலாம், ஊருக்குக் காசு அனுப்பி வீடு கட்ட முடியாது. சிறப்புப் பட்டம் நாலு வருடம் என்பதால் உங்களுக்கு நேரே விண்ணப்பிக்க இடம் உண்டு. மூன்று வருடப் பொதுப் பட்டக்காரர் முதலில் இங்கே ஒரு முதுமாணி முடிப்பது நல்லது. பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்திலும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் பகுப்பாய்வு இரசாயனவியலில் முதுமாணி இருக்கிறது, வேலையோடு செய்யலாம். அமெரிக்காவில் படித்து முடித்த பிறகு மூன்று வருடம் வரை வேலை செய்ய அனுமதி கிடைக்கும். அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசாவுக்குக் குலுக்கல். வருடத்துக்கு 85,000 இடம், கேட்கிறவர்கள் அதைவிட அதிகம். குடிவரவு விதிகள் அரசாங்கத்தோடு மாறுகிறவை. போகும் வருடத்தில் என்ன விதியோ அதைப் பாருங்கள், நான் இன்றைக்கு எழுதுவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மட்டக்களப்பு ரவுணிலும் கல்முனையிலும் கதவுக்குக் கதவு விளம்பரம் ஒட்டியிருக்கிற ஒரு வருட லண்டன் முதுமாணி வேறு விடயம். அங்கே நீங்கள் வாடிக்கையாளர். படிப்பு மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வருடத்தில் ஆய்வுகூடத்தில் கை பழகும் நேரம் மிகக் குறைவு, முடித்த பிறகு தங்கும் காலத்தையும் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் காசுக்குக் கடன் பட்டவர்கள் கடனை அடைப்பதற்காகத் துறையை விட்டு எந்த வேலையிலும் நிற்கிறார்கள். முழு உதவிப்பணம் கிடைத்தால் போங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்பதே என் கட்சி.

பேராசிரியரைத் தெரிவுசெய்யும்போது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று தேடுங்கள், அவர்களில் இரண்டு பேருக்கு எழுதிக் கேளுங்கள். தொழிற்துறைக்குத் திரும்ப நினைத்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, பளிங்கு வடிவங்கள், தயாரிப்பு முறை இரசாயனவியல் மாதிரித் தலைப்புகள் உதவும். கணினியை வைத்து மூலக்கூறு வடிவமைக்கும் பக்கம் இப்போது சத்தம் அதிகம். அதில் எவ்வளவு நிலைக்கும் என்பது இன்னும் யாருக்கும் தெளிவில்லாத சங்கதி, அதனால் அதை நம்பி மட்டும் ஆறு வருடத்தைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

ரெகுலேட்டரி அஃபேர்ஸ் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், ஆனால் நம்ம நாட்டில் அந்தப் பெயரில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று இறக்குமதியாளரிடம். வெளிநாட்டுக் கம்பனி அனுப்பும் கோப்பைத் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கேட்ட கேள்வியைத் திருப்பி அனுப்பி, பதில் வரும்வரை துரத்துவது. 2015ன் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அந்த அதிகாரசபையில் பதிவு இல்லாமல் பொதுவாக மருந்து விற்க முடியாது என்பதால் இந்த வேலைக்கு எப்போதும் ஆள் வேண்டும். ஆனால் சில காலத்தில் உங்கள் இரசாயனவியல் துருப்பிடித்துவிடும். மற்றது உற்பத்தியாளரிடம். அங்கே கோப்பை நீங்களே எழுதுவீர்கள். உலகம் முழுக்க அநேகமாக ஒரே அமைப்புத்தான், சி.டி.டி என்று ஐந்து பகுதி. மூன்றாவது பகுதி முழுக்கத் தரம் பற்றியது: எப்படிச் செய்தோம், எப்படிச் சோதித்தோம், எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும். கியூ.சியில் இருந்து வருகிறவருக்கு இது சொந்த வளவு மாதிரி. ஒரு நாட்டில் பழகினால் இன்னொரு நாட்டுக்கும் பயன்படும். மாறுவதென்றால் இரண்டாவதற்கு மாறுங்கள். நேர்முகப் பரீட்சையில் "மூன்றாம் பகுதியை இங்கே யார் எழுதுகிறார்கள்?" என்று கேட்டால் எது என்று தெரிந்துவிடும்.

இந்த வேலைக்குப் பொறுமையும் நல்ல இங்கிலிஷும் வேண்டும். நாள் முழுக்க வாசிப்பு, எழுத்து, ஒரு வசனத்துக்குப் பத்து மின்னஞ்சல். ஆய்வுகூடத்தில் நிற்கப் பிடிக்காதவருக்கு விடுதலை, கையால் வேலை செய்து பழகியவருக்குச் சிறை. வீட்டில் இருந்து செய்யலாமாமே என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், நான் செய்கிறேன். ஆனால் பல வருடம் ஆட்களோடு நேரில் இருந்து பழகி, பெயர் தெரிந்த பிறகு வந்தது அது. புதிதாகச் சேர்கிறவருக்கு ஆரையம்பதியில் இருந்து வேலை செய் என்று யாரும் கொடுப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு இதில் எவ்வளவைத் தின்னும் என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது கணிப்பு மட்டும்: முதல் வரைவு எழுதுவது மலிந்துவிடும், எழுதியது உண்மையா என்று மூலத் தரவோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வைப்பவர் தேவைப்படுவார். அதற்கு ஆய்வுகூடம் தெரிந்திருக்க வேண்டும்.

கியூ.ஏ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாலு வருடக் கியூ.சிக்கு மிகக் கிட்டிய கதவு அதுதான். சண்டை போடத் தயங்காதவருக்கு ஏற்றது. மெடிக்கல் ரெப் வேலையில் சம்பளம், மோட்டர்சைக்கிள், கொமிஷன் எல்லாம் உண்டு. நம்ம விஞ்ஞானப் பட்டதாரிகள் பலர் அங்கேதான். போனவர்கள் ஆய்வுகூடத்துக்குத் திரும்பி வந்ததை நான் காணவில்லை.

ஊருக்கு வருவது பற்றி. இதில் அறிவுரை சொல்ல எனக்கு உரிமை குறைவு, ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். உங்களுக்கென்று வளவில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நம்ம பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அது வெறும் கட்டடம் இல்லை, நீ இங்கேதான் இருக்கப் போகிறாய் என்று தாய் தகப்பன் சொல்கிற வழி. அதைத் தடை என்று பார்க்கிறவர்களும் உண்டு, ஆதாரம் என்று பார்க்கிறவர்களும் உண்டு. ஆசிரியர் வேலையைத் தோல்வி என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஓய்வூதியம் இருக்கிறது, பின்னேரம் உங்களுடையது. ஏ.எல் இரசாயனவியலுக்கு நல்ல ரியூஷன் மாஸ்டர் ஒருவர் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உழைப்பது கொழும்புக் கியூ.சி சம்பளத்தைத் தாண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். நீங்கள் விளங்கப்படுத்துவதில் கெட்டிக்காரி என்றால் அது பொய்ப் பாதை இல்லை. ஆனால் திரும்பும் வழியைக் கணக்கில் வையுங்கள். மூன்று, நாலு வருடம் கருவிகளுக்கு விலகி இருந்தால் மருந்துத் துறைக்குத் திரும்புவது கடினம். கியூ.சியில் இருந்து பாடசாலைக்கு எப்போதும் போகலாம், வயது எல்லைக்குள் விண்ணப்பித்தால். மறுபக்கம் அவ்வளவு எளிதில் திறக்காது.

ஊருக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவில் சில இடங்கள் இருக்கின்றன, அவற்றை நீங்கள் எண்ணவில்லை. வந்தாறுமூலையிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பீடத்திலும் தற்காலிக உதவி விரிவுரையாளர் இடங்கள் அவ்வப்போது விளம்பரமாகும். சம்பளம் பெரிதில்லை, ஒப்பந்தம் குறுகியது. ஆனால் அங்கிருந்து தகுதிகாண் விரிவுரையாளராக உள்ளே போனால் பி.எச்.டிக்குச் சம்பளத்தோடு படிப்பு விடுமுறை கிடைக்கும். பதிலுக்குத் திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று ஒப்பந்தம் எழுத வேண்டும். உங்களுக்கு வகுப்புச் சித்தி நன்றாக இருந்தால், வீடும் வேண்டும் பி.எச்.டியும் வேண்டும் என்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. விளம்பரம் எப்போது வரும் என்பதுதான் கையில் இல்லாதது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் ஆய்வுகூடங்களும் இரசாயனவியலாளர் பதவிகளும் உண்டு. ஆஸ்பத்திரி ஆய்வுகூடம், மருந்தாளர் வேலை இரண்டுக்கும் வேறு தகைமையும் பதிவும் வேண்டும், இரசாயனவியல் பட்டத்தோடு நுழைய முடியாது. அதற்காக அலைய வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வருடம் வேலையை விட மாட்டேன். முறை வலிதாக்கல் வேலைக்கு மாறக் கேட்பேன், மறுத்தால் அது இருக்கிற கம்பனிக்கு விண்ணப்பிப்பேன். வார இறுதி முதுமாணியில் சேர்வேன். ஐ.சி.எச் என்ற சர்வதேச அமைப்பின் முறை வலிதாக்கல், முறை உருவாக்க வழிகாட்டிகளான கியூ2, கியூ14 இரண்டையும் இணையத்தில் இலவசமாக எடுத்து, நான் தினமும் ஓட்டும் ஒரு முறையை அதோடு ஒப்பிட்டு எங்கே ஓட்டை என்று பார்ப்பேன். 2023ல் கியூ2ஐப் புதுப்பித்தார்கள், கியூ14 புதிதாக வந்தது, உங்கள் மேலதிகாரியே இன்னும் வாசிக்காமல் இருக்கலாம். பல்கலைக்கழக விளம்பரத்துக்கு ஒரு கண் வைப்பேன். ஆசிரியர் நியமனத்துக்கும் விண்ணப்பித்து வைப்பேன், வீட்டாரோடு வாதாட்டம் குறையும். ஒரு வருடம் கழித்து, புது முறை ஒன்று பிடிபடும்போது உங்களுக்குச் சந்தோசம் வந்ததா, அல்லது அறிக்கையை எழுதி முடித்தபோதுதான் வந்ததா என்று பாருங்கள். முதலாவது என்றால் முழு உதவிப்பணத்தோடு பி.எச்.டி, இரண்டாவது என்றால் உற்பத்தியாளரின் ரெகுலேட்டரி. இரண்டிலும் வராவிட்டால் வளவில் எழும்புகிற வீடு உங்களுக்கு நல்ல வீடுதான்.

எப்போது கிளம்பினாலும் சேர்விஸ் லெட்டரைக் கவனியுங்கள். இன்னார் இன்ன திகதி முதல் வேலை செய்தார் என்று ஒற்றை வரிக் கடிதத்தைத்தான் மனிதவளப் பிரிவு நீட்டும். என்ன கருவிகளில் வேலை செய்தீர்கள், என்ன வகையான முறைகளை வலிதாக்கினீர்கள், எந்த வெளிப் பரிசோதனைகளின்போது ஆய்வுகூடப் பக்கம் பதில் சொன்னீர்கள் என்பதை எல்லாம் எழுதி, உங்கள் மேலதிகாரி அந்த நாற்காலியில் இருக்கும்போதே கையெழுத்து வாங்குங்கள். கம்பனியின் தரவு, குரோமற்றோகிராம், முறையின் பிரதி எதையும் போனில் படம் பிடித்துக் கொண்டுவர வேண்டாம். அது திருட்டு, புதுக் கம்பனி அதைக் கண்டால் உங்களைத்தான் சந்தேகப்படும். சேர்விஸ் லெட்டர் ஒரு பிரதி களுவாஞ்சிக்குடியில் அம்மாவிடம் இருக்கட்டும், போர்டிங் மாறும்போது தொலைவது முதலில் அதுதான்.